இளைத்துக்கொண்டே போகும் ஹேம்ஸ்டர்: தராசு முதல் மருத்துவர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஹேம்ஸ்டர் இளைத்திருப்பது கண்ணில் படுவதற்குள் காரியம் பாதி கெட்டிருக்கும். உருண்டை உடம்பு, அடர்ந்த ரோமம். உள்ளே முதுகெலும்பு துருத்தத் தொடங்கியிருந்தாலும் மேலே பஞ்சுப் பொதி மாதிரியே தெரியும். பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம் என்பதால் நோவை மறைக்கவும் அதற்குத் தெரியும். “நேற்று ராத்திரிகூடச் சக்கரத்தில் ஓடியதே” என்று கிளினிக்கில் வந்து சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அது உண்மையாகவே ஓடியிருக்கும்.

செந்தூல், செத்தாப்பாக், செராஸ் என்று கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் நாய் வளர்க்க அனுமதி கிடைக்காத பிள்ளைகளுக்குக் கடைசியில் கிடைப்பது ஹேம்ஸ்டர்தான். அது இளைத்துவிட்டது என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் நடப்பது, சூரியகாந்தி விதையை அள்ளிப் போடுவது. தயவுசெய்து கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். இளைக்கும் ஹேம்ஸ்டர் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும்: சாப்பிட ஆசை இருந்தும் முடியவில்லை, முடிந்தாலும் சாப்பிடப் பிடிக்கவில்லை, நன்றாகச் சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லை. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் கொட்டும் தீனி சில சமயம் நோயைக் கூட்டிவிடும்.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய நிலைகள்

வால்பக்கம் நனைந்து நாற்றமடிக்கும் பேதி, தொட்டால் சில்லென்று இருக்கும் உடம்பு, எழுப்பியும் எழாத மயக்கம், வாயைத் திறந்து வாங்கும் மூச்சு, வாய்க்கு வெளியே தொங்கும் இளஞ்சிவப்பு ஈரச் சதை, ஒரு நாள் முழுக்க எதையும் தொடாமல் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இரவிலும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனைகள் உண்டு. முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பேதியைப் பற்றி மட்டும் இரண்டு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும். கடையிலிருந்து புதிதாக வந்த, பிறந்து மூன்று முதல் எட்டு வாரம் ஆன சிரியன் (வீடுகளில் வளரும் பெரிய ஹேம்ஸ்டர் இனம்) குட்டிகளைத் தாக்கும் ‘ஈர வால்’ நோய்க்கு லாசோனியா இன்ட்ராசெல்லுலாரிஸ் என்ற நுண்ணுயிரி காரணம். தாயை விட்டுப் பிரிந்தது, இடம் மாறியது, கூட்டத்தில் அடைபட்டது என்று எல்லாம் சேரும் நேரத்தில் வரும். ஓரிரு நாளில் உயிரைக் குடித்துவிடும். காலையில் பார்த்தால் காலையிலேயே கிளம்புங்கள். மாலை வேலை முடிந்து வந்து பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

தொங்கும் சதை என்பது பெரும்பாலும் வெளியே பிதுங்கிய கன்னப்பை, அதாவது ஹேம்ஸ்டர் தீனியை அடைத்துவைக்கும் கன்னத்து உட்பை. அதை உள்ளே தள்ளப் பார்க்க வேண்டாம். மருந்தகத்தில் கிடைக்கும் சலைன் கரைசலால் நனைத்துக் காயாமல் வைத்துக்கொண்டு போங்கள்.

படி 1: எடையைப் பார்த்து எழுதி வையுங்கள்

சிரியன் ஹேம்ஸ்டருக்கு ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். விண்டர் ஒயிட், கேம்ப்பெல், ரோபோரோவ்ஸ்கி போன்ற குட்டை இனங்களுக்கு அது போதாது. 35 கிராம் உடம்பில் மூன்றரை கிராம் என்பது பத்தில் ஒரு பங்கு; முழுக் கிராமாக மட்டும் காட்டும் தராசில் இந்தக் கணக்கு சரியாக வராது. 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது.

இருட்டிய பிறகு, விழித்து வெளியே வந்ததும், இரை வைப்பதற்கு முன் பாருங்கள். உயரமான பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஹேம்ஸ்டரை உள்ளே விடுங்கள். அது அசைந்துகொண்டே இருக்கும், எண் குதிக்கும். அடிக்கடி வந்து நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னம் புடைத்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. கன்னப்பை தோள் வரை நீளும். சிரியன் ஒன்று அதற்குள் சில கிராம் விதையைச் சுலபமாக அடைத்துவைத்திருக்கும். இன்றைக்கு ஏறியது, நாளைக்கு இறங்கியது என்று குழம்புகிறவர்கள் பலர் உண்மையில் எடை போட்டுக்கொண்டிருப்பது அதன் மூட்டையைத்தான்.

வளர்ந்த சிரியன் பொதுவாக 100 முதல் 150 கிராம் வரை இருக்கும். பெண் சற்றுப் பெரியது. விண்டர் ஒயிட், கேம்ப்பெல் வகைகள் 30 முதல் 50 கிராம். ரோபோரோவ்ஸ்கி 20, 25 கிராம்தான். ஆனால் ஊரில் உள்ள ஹேம்ஸ்டர்களோடு ஒப்பிடுவதைவிட, உங்கள் ஹேம்ஸ்டரின் பழைய எடையோடு ஒப்பிடுவதே சரி. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவர். இருபதில் ஒரு பங்கு குறைந்தால் அன்றிலிருந்து தினமும் எடை, கீழே உள்ள சோதனைகள். வளரும் குட்டி எடை ஏறாமல் ஒரே எண்ணில் நின்றாலும் அதை இளைப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தராசு ஏமாற்றும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. வயிற்றில் கட்டியோ நீரோ சேர்ந்தால் எடை குறையாது. உடம்பு மட்டும் கரையும். அதனால் எடை பார்க்கும்போதே ஒரு விரலால் முதுகை நீவிப் பாருங்கள். முதுகெலும்பின் கண்ணிகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டு, இடுப்பெலும்பு கூராக நின்று, வயிறு மட்டும் உப்பியிருந்தால் எடை எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

படி 2: காலிக் கிண்ணத்தை நம்ப வேண்டாம்

“அக்கா, வைத்ததை எல்லாம் காலி செய்துவிடுகிறது. பிறகு ஏன் இளைக்கிறது?” என்று கீழ்த்தளத்துப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள். கூண்டின் பின்மூலையில் மரச்சீவலை விலக்கிப் பார்த்தோம். வைத்தது எல்லாம் அங்கேதான் இருந்தது. மேலே தோல் கூட உரிக்காத சூரியகாந்தி விதைகள், நடுவில் மக்காச்சோளம், அடியில் ஈரம் ஏறிப் பச்சைப் பூசணம் பூத்த ஓட்ஸ். ஒரு விதையிலும் பல் பட்ட தடம் இல்லை. எடுத்துப் போய்ப் பதுக்கியிருக்கிறது, ஒன்றையும் தின்னவில்லை.

ஆகவே கணக்கைப் பதுக்கலோடு சேர்த்துப் பாருங்கள். பதுக்கலை எடுத்துவிட்டு, ஒரு சிட்டிகை மட்டும் அதே இடத்தில் விட்டுவையுங்கள். முழுக்கத் துடைத்தால் அது பதறிப்போகும். பிறகு 10 கிராம் உருண்டைத் தீனியை (பெல்லட்) நிறுத்து வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் கிண்ணத்தில் எஞ்சியது, மூலையில் எஞ்சியது இரண்டையும் நிறுத்துக் கழியுங்கள். 100 கிராம் ஹேம்ஸ்டர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 கிராம் உலர் தீனி தின்னும். 10 மில்லி அளவு தண்ணீர் குடிக்கும். விதைக் கலவையை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் தோல், உமி எல்லாம் கணக்கைக் கெடுக்கும்.

தண்ணீர்ப் புட்டியில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். அதோடு குழாய் முனையில் உள்ள குண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். குண்டு சிக்கிக்கொண்டால் புட்டி நிறைந்தே இருக்கும், உள்ளே இருப்பது தாகத்தில் வாடும். தண்ணீர் குடிக்காத ஹேம்ஸ்டர் உலர்ந்த தீனியையும் விட்டுவிடும். ‘நோய்’ என்று பயந்து வந்தவர்களில் சிலருக்கு ஒரு புதுப் புட்டியோடு பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

புழுக்கையையும் பாருங்கள். எப்போதும் உள்ளதைவிடச் சிறுத்து, குறைந்து, உலர்ந்து இருந்தால் உள்ளே போவது போதவில்லை. இளகியிருந்தால் குடலில் கோளாறு.

படி 3: கூண்டும் அறையும்

கோலாலம்பூரில் பகல் வெயில் 32, 33 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஹேம்ஸ்டருக்கு ஏற்றது ஏறக்குறைய 20 முதல் 25 டிகிரி. ‘சிரியா பாலைவனத்துப் பிராணிதானே, வெயில் என்ன செய்யும்’ என்று கேட்பவர்கள் உண்டு. இன்று வீடுகளில் வளரும் சிரியன் ஹேம்ஸ்டர்களின் மூதாதையரை 1930ஆம் ஆண்டு விலங்கியல் அறிஞர் இஸ்ரேல் அஹரோனி அலெப்போ அருகே கண்டெடுத்தார். தாயும் குட்டிகளுமாக அவை மண்ணுக்கடியில், வளைக்குள் இருந்தன. வெயில் நேரத்தைக் குளிர்ந்த மண்ணுக்குள் கழிக்கும் பிராணிக்கு உங்கள் பால்கனியில் போக்கிடம் இல்லை.

வெப்பத்தில் ஹேம்ஸ்டர் தீனியைக் குறைக்கும், உடலைப் பரப்பிப் படுத்துக்கிடக்கும். கூண்டை மேற்குப் பார்த்த சுவரிலிருந்தும் சமையலறையிலிருந்தும் தள்ளி வையுங்கள். உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒட்டி வைப்பதும், உள்ளே ஒரு பீங்கான் தரை ஓடு போடுவதும் மதிய நேரத்துக்கு உதவும். குளிர்சாதனம் இருந்தால் 25இல் வைத்துவிடுங்கள். காற்று நேராகக் கூண்டின் மேல் அடிக்க வேண்டாம். கொசுவர்த்தி, பூச்சி மருந்துத் தெளிப்பு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி ஆகிய மூன்றின் புகையும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை, கூண்டை வேறு அறைக்கு மாற்றச் சொல்கிறேன்.

வெப்பத்தைவிடப் புழுக்கம் சத்தமில்லாமல் வேலை செய்யும். கடைகளில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் விதைக் கலவை நம் ஊர் ஈரத்தில் விரைவில் சிக்கடிக்கும், வண்டு வைக்கும், பூசணம் பிடிக்கும். பூசணத்தின் நச்சு ஈரலைத் தாக்கும். முகர்ந்து பாருங்கள், பழைய எண்ணெய் வாடை வந்தால் மொத்தத்தையும் குப்பையில் போடுங்கள். கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வைப்பதே இங்கே சரிப்படும்.

பிறகு, கூண்டில் எத்தனை பேர்? சிரியன் தனியாகத்தான் வாழும். இரண்டாகச் சேர்த்து விற்கும் கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். குட்டை இனங்கள் சேர்ந்து வாழ்ந்தாலும் ஒன்று கொழுத்து மற்றது இளைத்தால், கொழுத்தது தீனியை மறித்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இளைத்ததின் வால்பக்கத்திலும் காதிலும் கடிபட்ட பொருக்கு இருக்கும். அன்றே பிரித்து வேறு கூண்டில் விடுங்கள். இரண்டு கிண்ணம் வைப்பது தற்காலிகம்தான்.

பெண் ஹேம்ஸ்டர் என்றால், ஒரே இரவில் எடை திடீரென்று இறங்கியிருந்தால், கூட்டுக்குள் குட்டிகள் இருக்கின்றனவா என்று தொடாமல் பாருங்கள். சிரியனின் கர்ப்ப காலம் 16 நாள்தான். கடையிலேயே கருவுற்று வந்திருக்கும். அப்படியானால் தாய்க்கு முட்டை, தௌஃபு கூட்டிக் கொடுத்து, ஒரு வாரம் கூண்டைத் துப்புரவு செய்யாமல் தொந்தரவின்றி விடுங்கள்.

படி 4: மூன்றில் எது?

இரவு விளக்கைக் குறைத்துவிட்டு, அதற்குப் பிடித்த ஒன்றை, ஒரு பூசணி விதையையோ சிறு துண்டு வேகவைத்த முட்டையையோ கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் மருத்துவருக்கும் உதவும்.

ஓடிவந்து வாங்குகிறது, முன்கால்களில் பிடிக்கிறது, கடிக்கப் போய்க் கீழே போடுகிறது, மறுபடி எடுக்கிறது என்றால் அது *முடியாத* ஹேம்ஸ்டர். வாயைப் பார்க்க வேண்டும். அதன் வெட்டுப்பற்கள் நான்கும் வாழ்நாள் முழுக்க வளரும். கடைவாய்ப் பற்கள் வளர்வதில்லை. மஞ்சள், ஆரஞ்சு நிறம் இயல்பானதே, கறை என்று பயப்பட வேண்டாம். கீழ்ப்பற்கள் மேல்பற்களைவிட நீளமாக இருப்பதும் இயல்பே. வளைந்து உள்ளே திரும்பினாலோ, பக்கவாட்டில் சாய்ந்தாலோ, ஒன்று முறிந்து எதிர்ப்பல் தடையின்றி வளர்ந்திருந்தாலோதான் கோளாறு. மோவாய் ஈரமாக இருப்பதும் அதன் அடையாளம். கம்பிக் கூண்டைக் கடித்துக்கொண்டே இருக்கும் ஹேம்ஸ்டர்களுக்கு இது அதிகம் வரும். அவற்றுக்குக் கூண்டு சிறியது என்பதும் அதன் உட்பொருள்.

நகவெட்டியால் வீட்டிலேயே வெட்டிவிடும் காணொளிகள் நிறையச் சுற்றுகின்றன. பல் நீளவாக்கில் பிளந்தால் வேர் வரை சீழ் பிடிக்கும். கால்நடை மருத்துவர் நிமிடத்தில் செய்யும் வேலை அது; பற்கள் பொருந்தாமல் வளர்ந்திருந்தால் சில வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிவரும்.

பல் சரியாக இருந்தால் கன்னம். இரவில் புடைத்த கன்னம் காலையில் வற்றியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நாள் முழுக்கப் புடைத்தே இருந்தால் உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது சீழ்க்கட்டி. பஞ்சுப் படுக்கை, பசைச்சோறு, புளூட் அரிசிப் பலகாரம், கேரமல் போன்ற ஒட்டும் பண்டங்கள் பெரும்பாலும் காரணம். டுரியான் பருவத்தில் பாசம் மிகுந்து ஒரு விரல் சுளையைத் தடவிவிடும் வீடுகளும் உண்டு. ஒட்டும், சர்க்கரையும் அதிகம். அந்தப் பாசத்தை நீங்களே சாப்பிட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது, முதுகைக் கூனிக்கொண்டு ரோமம் சிலிர்த்து உட்கார்ந்திருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது என்றால் அது *பிடிக்காத* ஹேம்ஸ்டர். எங்கோ வலி, காய்ச்சல், மூச்சுக் கோளாறு, குடல் கோளாறு. மூக்கில் நீர், மூச்சில் ‘கிளிக்’ சத்தம் இருக்கிறதா என்று காதருகே வைத்துக் கேளுங்கள். இளம் பெண் ஹேம்ஸ்டருக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை வெள்ளையாகக் கொழகொழவென்று கொஞ்சம் கசிவது இயல்பு. இரத்தம் கலந்தோ நாற்றத்தோடு தொடர்ந்தோ வந்தால் கருப்பையில் சீழ். தீபாவளி, சீனப் புத்தாண்டு வெடிச் சத்தத்தில் ஓர் இரவு சாப்பிடாமல் ஒளிந்துகொள்வதும் உண்டு; மறுநாளே தேறிவிட்டால் கவலை வேண்டாம். இந்த வகையில் வீட்டு வைத்தியத்துக்கு இடம் மிகக் குறைவு. படி 7க்குப் போங்கள்.

மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். நன்றாகத் தின்கிறது, ஓடுகிறது, தராசு மட்டும் இறங்குகிறது. கேம்ப்பெல் வகைக்கும் அதன் கலப்புகளுக்கும் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். கடைகளில் விண்டர் ஒயிட் என்று விற்பவற்றில் கலப்பு நிறைய. புட்டி வேகமாக வற்றும், மரச்சீவல் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். மருந்தகத்தில் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டை வாங்குங்கள். துடைத்து உலர்ந்த பிளாஸ்டிக் டப்பாவில் சிறிது நேரம் விட்டால் அது ஒரு சொட்டாவது விடும். அதில் பட்டையைத் தொட்டு, பெட்டியில் உள்ள நிறத்தோடு பாருங்கள். நிறம் மாறினால் பழம், கேரட், தேன் தடவிய குச்சித் தின்பண்டம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தண்ணீரை மட்டும் ஒருபோதும் குறைக்கக் கூடாது. இளைத்த குட்டை ஹேம்ஸ்டருக்கு ‘தெம்புக்காக’ வாழைப்பழமும் திராட்சையும் கொடுப்பதால் வரும் கேடு இங்கேதான்.

நீரிழிவு இல்லையென்றால் குடற்புழு. அதிலும் குட்டை நாடாப்புழு மனிதருக்கும் தொற்றக்கூடியது. புழுக்கையைச் சோதனைக்குக் கொடுங்கள், பிள்ளைகள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். ஒன்றரை வயதைக் கடந்தவற்றுக்குச் சிறுநீரகம், இதயம், கட்டி என்று வரிசை நீளும். அதைப் பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை.

படி 5: என்ன கொடுத்துத் தேற்றுவது

அடிப்படை, 16 முதல் 20 விழுக்காடு புரதம் உள்ள உருண்டைத் தீனி. விதைக் கலவையில் பிடித்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைப் பதுக்கும். உருண்டையில் அந்தத் தந்திரம் பலிக்காது. கடிக்க முடியாவிட்டால் வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்குங்கள்.

அதன் மேல், உப்பும் எண்ணெயும் மசாலாவும் இல்லாமல்: வேகவைத்த முட்டை, வெள்ளைத் தௌஃபு, தண்ணீரில் வெந்த கோழி நெஞ்சுக்கறி, ஓட்ஸ், வெந்த பூசணிக்காய். சிரியனுக்கு ஒரு வேளைக்கு அரைத் தேக்கரண்டி, குட்டை இனத்துக்கு அதில் பாதி. நீரிழிவு உள்ளதற்குப் பூசணிக்காய் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள், நம் வெயிலில் அதற்குமேல் நிற்காது. சூரியகாந்தி, பூசணி விதை நாளுக்கு நான்கைந்து போதும். புதிய உணவு ஒவ்வொன்றையும் ஒரு நாள் இடைவெளி விட்டு அறிமுகப்படுத்துங்கள். ஒரே நாளில் விருந்து வைத்தால் பேதியாகும்.

வெங்காயம், பூண்டு, சாக்லேட், ஆரஞ்சு வகைப் பழங்கள், பச்சை உருளைக்கிழங்கு, வேகாத பயறு வேண்டாம். நெத்திலிக் கருவாட்டில் உப்பு அதிகம். பாட்டி ஒளித்துக் கொடுக்கும் முறுக்குத் துண்டிலும்தான். அவரிடம் சொல்லும் பொறுப்பை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

படி 6: சிரிஞ்சில் ஊட்டுவது

தானாகச் சாப்பிடாதபோது, மருத்துவரைப் பார்க்கும் வரையிலும் பார்த்த பிறகும் இது தேவைப்படலாம். ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். உருண்டைத் தீனியைப் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டினால் ஊட்டும் கூழ் தயார். வெங்காயமும் பூண்டும் சர்க்கரையும் சேராத குழந்தைப் பூசணிக் கூழையும் கலந்துகொள்ளலாம்.

உடம்பு சில்லென்று இருந்தால் ஊட்டக் கூடாது. துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி அருகே வைத்து உடம்பு சூடான பிறகுதான். வயிறு கல் மாதிரி உப்பியிருந்தாலும் ஊட்டாமல் மருத்துவரிடம் போங்கள்.

சிறு துண்டில் சுற்றி, நான்கு காலும் கீழே இருக்கும்படி பிடியுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்தால் கூழ் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். சிரிஞ்ச் முனையை உதட்டுக்குப் பக்கவாட்டில், வெட்டுப்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் தொடுங்கள். ஒரு சொட்டு விடுங்கள். தாடை அசைந்து விழுங்கும் வரை காத்திருங்கள். அடுத்த சொட்டு. சிரியனுக்கு ஒரு முறைக்கு அரை முதல் ஒரு மில்லி, குட்டை இனத்துக்கு 0.2 முதல் 0.5 மில்லி, மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை. முகத்தை வெடுக்கென்று திருப்பினால் நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் மோவாயைத் துடையுங்கள். கன்னத்தில் கூழை ஒதுக்கிக்கொண்டிருந்தால் அது புளித்துப் புண்ணாகும்.

படி 7: மருத்துவரிடம்

எல்லாக் கிளினிக்கும் ஹேம்ஸ்டர் பார்ப்பதில்லை. பூனை, நாய் மட்டும் பார்க்கும் இடத்தில் காத்திருந்து திரும்பி வருவதற்குப் பதில், ‘எக்ஸோடிக் பிராணிகள் பார்ப்பீர்களா, ஹேம்ஸ்டருக்குப் பல் வெட்டியிருக்கிறீர்களா, மயக்க மருந்து கொடுப்பீர்களா’ என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். செர்டாங்கில் மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. அங்கும் முன்பதிவைக் கேட்டுவிட்டே போங்கள்.

பயணப் பெட்டியில் அதன் பழைய மரச்சீவலையே கொஞ்சம் போடுங்கள், அந்த வாசனை அதற்கு ஆறுதல். புட்டி காரில் குலுங்கி ஒழுகி அதை நனைத்துவிடும். வெள்ளரிக்காய் வில்லை ஒன்று போதும். கிராப் வாடகைக் காரில் போவதானால் ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். வழியில் ‘ஐந்து நிமிடம்தானே’ என்று காரை நிறுத்தி அதை உள்ளே விட்டுவிட்டு இறங்க வேண்டாம். எடைக் குறிப்பு, காணொளி, அன்றைய புழுக்கை, தீனியின் பொட்டலம் நான்கும் கையில் இருக்கட்டும். இவை இருந்தால் மருத்துவரின் முதல் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் தயார்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குழந்தைக்குக் கிளினிக்கில் கொடுத்து மீந்த ஆன்டிபயாட்டிக்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள். பென்சிலின், அம்பிசிலின், அமோக்ஸிசிலின், கிளிண்டமைசின் ஆகியவை ஹேம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளை அழித்து, நச்சைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிக்கு இடம் கொடுத்துவிடும். நமக்குச் சாதாரண மருந்து, அதற்கு மரணம். மருத்துவர் எழுதித் தரும்போதும் ‘இது ஹேம்ஸ்டருக்கு ஆகுமா’ என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தேறும்போதும், தேறாதபோதும்

மருந்து தொடங்கியதும் முதலில் எடை ஏறாது, இறங்குவது நிற்கும். அதுவே நல்ல செய்தி. பிறகு மெதுவாக ஏறும். பழைய எடைக்கு வந்த பிறகும் ஒரு மாதம் வாரம் இருமுறை பாருங்கள். பல், நீரிழிவு இரண்டும் திரும்பி வரக்கூடியவை.

சிரியனின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டு. குட்டை இனங்களுக்கு ஒன்றரை, இரண்டு. வயதான ஹேம்ஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தால் முழு எடைக்கு இழுத்து வரப் போராட வேண்டாம். மேல்தளங்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தரைமட்டத்தில் வையுங்கள், தீனியைக் கூழாக்குங்கள், கிண்ணத்தைப் படுக்கையருகே நகர்த்துங்கள். தானாகச் சாப்பிடாமல், தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாமல், தொட்டால் வலியில் கத்தும் நிலை வந்தால், வலியின்றி உறங்கவைப்பதைப் பற்றி மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். பிள்ளைகளிடம் ‘ஊருக்குப் போய்விட்டது’ என்று கதை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு உண்மை புரியும்.

தேறி வரும் ஹேம்ஸ்டர் இருக்கும்போது தீபாவளியோ பொங்கலோ வந்து நீங்கள் ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போக வேண்டியிருந்தால், அதை நெடுஞ்சாலை நெரிசலில் கூட்டிப் போகாதீர்கள். தராசையும் சிரிஞ்சையும் பிடிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள். கடைசியாகப் பார்த்த எடை, எந்த எண்ணுக்குக் கீழே போனால் கிளினிக்குக்கு அழைக்க வேண்டும், அந்தக் கிளினிக்கின் பண்டிகைக்கால வேலை நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூண்டின் மேலேயே ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.